தோற்ற ஆட்டத்தின் கணக்கு

கரிசல்காட்டில் புரட்டாசி காத்திருப்பின் மாதம். கோடையில் வெடித்த நிலம் வாய் மூடாமல் கிடக்கும். உழுது போட்ட புழுதி முதல் மழைக்கு ஏங்கும். விளாத்திகுளம் கடைத்தெருவில் எவரிடம் பேச்சுக் கொடுத்தாலும் அது வானத்தில் போய்த்தான் முடியும். 2022ஆம் ஆண்டு அப்படியொரு புரட்டாசிக் கடைசியில், எங்கள் கல்லூரியின் கால்பந்து அணியை அழைத்துக்கொண்டு குமரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றுக்கு ஆடப் போனோம். பூஜ்யத்துக்கு ஐந்து என்று தோற்றுத் திரும்பினோம். அந்தத் தோல்வியையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம். கற்றுக்கொண்டவர்களில் மாணவர்களோடு நாங்களும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

'நாங்கள்' யார் என்பதையும் சொல்ல வேண்டும். உடற்கல்வி இயக்குநர் பணியிடம் நிரப்பப்படாதிருந்த காலம் அது. அணியை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்றபோது தமிழ்த்துறையில் ஒருவரும் கணிதத்துறையில் ஒருவருமாக இருவர் முன்வந்தோம். இருவருக்கும் கால்பந்து பற்றித் தெரிந்தது பார்வையாளன் அறிவு மட்டுமே. மாணவப் பருவத்தில் ஆடியதுண்டு. ஆட்டத்தை எவருக்கும் கற்பித்ததில்லை.

கோவில்பட்டி வட்டாரத்தில் கால்பந்துக்கு இரண்டாம் பந்திதான். இந்தப் பக்கத்து ஆட்டம் ஹாக்கி. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதி கோவில்பட்டியில் இருக்கிறது. செயற்கைப் புல்தரை இருக்கிறது. 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை நடந்தபோது, இந்திய அணியில் கோவில்பட்டிக்காரரான மாரீஸ்வரன் சக்திவேலும், இந்த விடுதியில் பயின்ற அரியலூர்க்காரரான கார்த்தி செல்வமும் இடம்பெற்றார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் கார்த்தி அடித்த கோலைப் பற்றி எங்கள் மாணவர்கள் பல நாள் பேசித் தீர்த்தார்கள். அந்தப் போட்டியில் இந்தியா வெண்கலம் பெற்றது.

அப்படிப்பட்ட ஊருக்குப் பக்கத்தில் கால்பந்தைக் காப்பாற்றி வைத்திருப்பது பெரும்பாலும் கடற்கரை. விளாத்திகுளம் வட்டத்தை வெறும் கரிசல் என்று நினைப்பவர்கள் அதன் கிழக்கு எல்லையைப் பார்க்காதவர்கள். வேம்பார், கீழவைப்பாறு, சிப்பிகுளம் என்று கடலைத் தொட்டு முடிகிற நிலம் இது. கம்பும் உளுந்தும் மிளகாயும் விளைகிற கறுப்பு மண்ணிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் வலை உலர்த்துகிற வெள்ளை மணலுக்குப் போய்விடலாம். எங்கள் பதினொருவரில் ஐந்து பேர் அந்த மணலிலிருந்து வந்தவர்கள். மற்ற ஆறு பேர் புதூர், நாகலாபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டுப் பிள்ளைகள். அணிக்குள் ஒருவரையொருவர் 'கடக்கரைப் பசங்க', 'காட்டுப் பசங்க' என்று குறிப்பிட்டுக்கொள்வார்கள். அதில் பகை இல்லை என்று நாங்கள் நம்பியிருந்தோம். பகை இல்லைதான். ஆனால் பகை இல்லாத இடத்தில் உறவு தானாக வந்துவிடும் என்று நம்பியது எங்கள் பேதைமை.

மண் ஆட்டத்தைச் செதுக்கும். மணலில் பந்து உருளாது. ஆகவே கடற்கரைப் பையன் பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொள்வான். மேலே தூக்கித் தூக்கி, முழங்காலிலும் நெஞ்சிலும் வாங்கி, ஒருவனை ஏய்த்துவிட்டுத்தான் அடுத்தவனுக்குத் தருவான். கரிசல் தரை காய்ந்தால் இரும்பு. பந்து வெடிப்பில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்பது பந்துக்கே தெரியாது. ஆகவே கரிசல் பையன் காலுக்கு வந்த பந்தை வைத்துக்கொண்டு யோசிப்பதில்லை. துள்ளி ஏமாற்றுவதற்குள் ஓங்கி உதைத்து நெடுந்தூரம் அனுப்பிவிடுவான். இரண்டும் அததன் மண்ணில் புத்திசாலித்தனமான ஆட்டங்கள். ஆனால் ஒன்றின் கண்ணுக்கு மற்றது அசட்டுத்தனமாகத் தெரியும். காட்டுப் பையன் கண்ணில் கடற்கரையான் பந்தைக் கொஞ்சிக்கொண்டிருப்பவன். கடற்கரையான் கண்ணில் காட்டுப் பையன் பந்தைத் துரத்திவிடுபவன்.

அன்று விடியற்காலையில் புறப்பட்டோம். திருநெல்வேலியைக் கடந்து வள்ளியூர் தாண்டி, ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வண்டியை உலுக்கியபோது உறங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். கணவாய்க்கு அந்தப் பக்கம் உலகம் பச்சை. வயலும் வாழையும் தென்னையுமாக ஈரம் சொட்டியது. முந்தின இரவு அங்கே நல்ல மழை. எங்கள் ஊருக்கு வராத மழை இங்கே பெய்திருக்கிறது என்று புதூர்ப் பையன் ஒருவன் சன்னலோரத்தில் பெருமூச்சு விட்டான். அவன் அப்பா விதைப்புக்குக் காத்திருந்தார்.

திடலைப் பார்த்ததுமே எங்கள் பையன்களின் முகம் மாறிவிட்டது. கணுக்கால் அளவுக்குப் புல். அடியில் சதசதப்பான செம்மண். பந்து உருண்டால் பத்தடியில் நின்றது. ஈரத்தில் வழுக்கினால் நிற்காமல் ஓடியது. முதல் பாதி முடியும்போது மூன்று கோல் வாங்கியிருந்தோம். இடைவேளையில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: 'கிரவுண்டு சரியில்ல சார்.' கடற்கரைப் பையன்களும் காட்டுப் பையன்களும் அன்று முழுவதும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

இரண்டாம் பாதியில் எங்களுக்கு வேறு வேலை தோன்றவில்லை. சொல்லிக்கொடுக்கவும் தெரியாது, சும்மா உட்கார்ந்திருக்கவும் மனம் வரவில்லை. எங்களில் கணிதம் கற்பிப்பவர் எண்ணத் தொடங்கினார். தமிழ் கற்பிப்பவர் வருகைக் குறிப்பேட்டின் பின்தாளில் கோடு போட்டு எழுதினார். யார் யாருக்குப் பந்தைக் கொடுக்கிறார்கள் என்பதே கணக்கு. முதலில் வெறுமனே பொழுதுபோக்காகத்தான் செய்தோம். பத்து நிமிடம் கழித்துத் தாளைப் பார்த்தபோது ஏதோ ஒன்று உறுத்தியது. அதன்பின் கோடுகளை இரண்டாகப் பிரித்தோம்: தம் பக்கத்துப் பையனுக்குக் கொடுத்தவை, மறுபக்கத்துப் பையனுக்குக் கொடுத்தவை. அடுத்த 25 நிமிடத்தில் எங்கள் அணிக்குள் சரியாகப் போய்ச் சேர்ந்த பாஸ்கள் 62. அவற்றில் கடற்கரையிலிருந்து காட்டுக்கோ காட்டிலிருந்து கடற்கரைக்கோ போனவை 9.

ஆட்டம் 0-5 என்று முடிந்தது. ஆடியவர்கள் நல்லவர்கள், எங்கள் பையன்களின் தோளைத் தட்டி அனுப்பினார்கள். அந்தக் கல்லூரியின் விருந்தோம்பலிலும் குறையில்லை.

திரும்பும் வழியில் வண்டிக்குள் பேச்சில்லை. எங்களில் தமிழ்க்காரருக்கு வெண்ணிப் போர் நினைவுக்கு வந்தது. வெண்ணிக் குயத்தியார் புறநானூற்றின் 66ஆம் பாடலில், வென்ற கரிகாலனை முன்னிலைப்படுத்திக்கொண்டே, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரமானை அவனினும் மேலாக வைத்துப் பாடிவிடுகிறார். தோற்றவனுக்குத் தமிழ் செய்த மரியாதைகளில் அதற்கு இணை குறைவு. ஆனால் அந்த மரியாதையைப் பெற அவன் உண்ணாதிருந்து உயிரை விட வேண்டியிருந்தது. எங்கள் வண்டியும் வடக்கு நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் உள்ளே இருந்தவர்களுக்குத் திங்கட்கிழமை முதல் மணிக்கு வகுப்பு இருந்தது. உயிரோடு திரும்புகிற தோல்வியை என்ன செய்வது என்று அந்தப் பாடல் சொல்லவில்லை.

பசியாறக் கொஞ்சம் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் வைத்திருந்தோம். இரண்டு பொட்டலம். ஒன்றை முன்னால் இருந்தவர்களிடம் கொடுத்தோம். மற்றதைப் பின்னால் அனுப்பினோம். கொடுத்து முடித்தபிறகுதான் திரும்பிப் பார்த்தோம். முன்னால் காட்டுப் பையன்கள். பின்னால் கடற்கரைப் பையன்கள். அவர்கள் அப்படி உட்கார்ந்தது பழக்கம். அதற்கு ஏற்ப இரண்டு பொட்டலமாக வாங்கி வந்தது யார்? நாங்கள்தான். வாங்கும்போது எங்களுக்கு அது தோன்றக்கூட இல்லை.

திங்கட்கிழமை மாலை அணியை வகுப்பறையில் உட்கார வைத்தோம். தரை சரியில்லை என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொண்டோம்; ஏனென்றால் அது பொய் இல்லை. தரை மாறினால் ஆட்டமே மாறும் என்பதற்கு ஹாக்கியே சாட்சி. 1975இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்ற இந்தியா, அடுத்த ஆண்டே மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஏழாம் இடத்துக்கு இறங்கியது. ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்ட ஆண்டு அது. கோவில்பட்டியில் செயற்கைத் தரை போட வேண்டி வந்ததன் காரணமும் அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. ஆகவே தரையைக் குறை சொல்வதில் நியாயம் உண்டு என்று ஒப்புக்கொண்டோம். பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பிறகு கால்பந்துக்கு வந்தோம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சிடம் 1-2 என்று தோற்ற இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடியவர்கள். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. 1952இல் ஹெல்சிங்கி. குளிரில், மீண்டும் வெறுங்கால்களோடு, யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. நான்கு ஆண்டு கழித்து மெல்போர்ன் ஒலிம்பிக்கின் அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியா மீண்டும் எதிரே வந்தது. முதல் கோலை அடித்தது இந்தியா. அடித்தவர் நெவில் டிசோசா. கடைசியில் 1-4 என்று தோற்றார்கள். தோல்விதான், ஆனால் ஒன்றுக்குப் பத்து, ஒன்றுக்கு நான்காகியிருந்தது. இந்தியா அந்த ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. அந்த அணியைப் பயிற்றுவித்த ஹைதராபாத் எஸ்.ஏ.ரகீம் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்று சொன்னபோது பையன்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எங்களுக்கு வேண்டியதாக இருந்தது.

நான்கு ஆண்டில் மாறியது காலில் போட்டதுதானா என்று கேட்டோம். பூட்ஸ் கட்டாயமாகக் காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைத் தோல்வி கொடுத்தது. ஆனால் பூட்ஸ் மாட்டியவர்கள் எல்லாரும் அரையிறுதிக்குப் போய்விடுவதில்லை. பார்த்தவுடன் தெரிகிற காரணம் ஒன்று, அதற்கு அடியில் வேறொன்று என்று எல்லாத் தோல்விகளிலும் இருக்கும். சொல்லிவிட்டுக் கரும்பலகையில் இரண்டு எண்களை எழுதினோம். 62. அதற்குக் கீழே 9.

கணிதக்காரர் விளக்கினார். ஆறு பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம். ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு மற்றப் பத்துப் பேரில் யாராவது ஒருவருக்குப் பந்தைக் கொடுத்தால்கூட, பாதிக்குச் சற்று அதிகமான பாஸ்கள் மறுபக்கத்துக்குப் போயிருக்க வேண்டும். 62இல் 33 அல்லது 34. யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து இது கொஞ்சம் கூடும் குறையும். ஆனால் முன்களத்திலும் பின்களத்திலும் இரு பக்கத்தாரும் கலந்தேதான் நின்றார்கள். 'கண்ண மூடிக்கிட்டு ஆடியிருந்தா இதைவிட நல்லா ஆடியிருப்பீங்கப்பா' என்று அவர் முடித்தார்.

நெடுநேரம் எவரும் பேசவில்லை. முதலில் வாய் திறந்தவன் நாகலாபுரத்துப் பையன். 'வேணும்னு யாரும் செய்யல சார். அவன் எங்க நிப்பான்னு எனக்குத் தெரியல.' அதற்கு வேம்பார்ப் பையன் சொன்ன பதிலை இன்றும் மறக்க முடியவில்லை. 'நாங்க எங்க சார் ஒண்ணா ஆடியிருக்கோம்?'

உண்மை. வேம்பார்ப் பக்கம் போகிற பேருந்து 4.20க்கு. அதை விட்டால் வீடு சேர இருட்டிவிடும். எங்கள் பயிற்சியோ வகுப்பு முடிந்து நான்கரைக்கு. ஆகவே கடற்கரைப் பையன்கள் தங்கள் ஊர் மணலிலேயே காலையில் ஆடிக்கொள்ளட்டும், மற்றவர்கள் கல்லூரித் திடலில் மாலையில் ஆடட்டும் என்று நாங்கள்தான் ஆண்டுத் தொடக்கத்தில் ஏற்பாடு செய்தோம். அது சலுகை என்றே நினைத்தோம். எவரையும் சிரமப்படுத்தாத நல்ல ஏற்பாடு என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டதும் உண்டு. பதினொரு பேரும் சேர்ந்து ஒரே திடலில் நின்றது ஆட்ட நாட்களில் மட்டும். அவர்கள் ஓர் அணியாக இல்லாததற்கு ஊரோ சாதியோ கோயிலோ தேவாலயமோ காரணம் என்று தேடிப் போயிருந்தால் எங்களுக்கு ஒரு நல்ல கட்டுரை கிடைத்திருக்கும். அவற்றுக்கும் அதில் பங்கு இல்லை என்று சொல்லத் துணியவில்லை. ஆனால் முதல் காரணம் எங்கள் கையெழுத்தோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்த ஒரு கால அட்டவணை.

முதல்வரைப் பார்த்துப் பேசி, செவ்வாயும் வியாழனும் கடைசி மணியைப் பயிற்சிக்கென்று வாங்கினோம். மூன்று மணி முதல் நான்கு பத்து வரை. பேருந்து தவறாது. மழைக்காலத்தில் கரிசலில் கால் வைக்க முடியவில்லை. அடிக்கு அடி மண் பூட்ஸோடு ஏறி, கால் ஒன்று இரண்டு கிலோ கனத்தது. தை பிறந்ததும் வைப்பாற்று மணலுக்குப் போனோம். நீர் வடிந்த ஆற்றுப்படுகை. கடற்கரை மணல்போல் காலை முழுதாய் விழுங்காது. கரிசல்போல் துள்ளவும் விடாது. அங்கே இரு பக்கத்தாருமே புதியவர்கள். இருவர் ஆட்டமும் அங்கே முழுதாய்ச் செல்லவில்லை என்பதே எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

ஒரு விதி வைத்தோம். மறுபக்கத்துப் பையன் கொடுத்த பந்தில் அடித்தால்தான் கோல். தம் பக்கத்தான் கொடுத்ததில் அடித்தால் செல்லாது. முதல் வாரங்கள் கசப்பானவை. பந்தைப் பேருக்கு மறுபக்கத்தான் காலில் தட்டி வாங்கிக்கொண்டு கோல் அடித்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிப்பிகுளத்துப் பையன் ஒருவன் கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் வரவில்லை. அவனை அழைத்து வந்தவன் நாகலாபுரத்தான் என்று பின்னால் தெரிந்தது. எப்படி அழைத்தான் என்று நாங்கள் கேட்கவில்லை. மெல்ல மெல்லச் சில மாற்றங்கள் தெரிந்தன. காட்டுப் பையன் பந்தை ஓங்கி உதைப்பதற்கு முன் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்க்கத் தொடங்கினான். கடற்கரைப் பையன் இரண்டாவது ஆளை ஏய்ப்பதற்கு முன் பந்தை விட்டுவிடப் பழகினான். பங்குனியில் ஆற்றுமணல் சுட்டபோது யார் கொண்டுவந்த தண்ணீர் என்று பாராமல் குடித்தார்கள். இதை நாங்கள் பெரிதாகச் சொல்வதாகத் தோன்றலாம். இந்த மண்ணில் தண்ணீரைப் பற்றி அறிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

2023 புரட்டாசியில் அதே கல்லூரிக்கு, அதே திடலுக்கு மறுபடி போனோம். மழை பெய்திருந்தது. புல் அப்படியே இருந்தது. 1-2 என்று தோற்றோம்.

எங்கள் கோலைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறோம். நாகலாபுரத்தான் பின்களத்திலிருந்து நெடும்பந்து ஒன்று அனுப்பினான். பழைய வழக்கப்படி வானத்தில் அல்ல, புல்லை உரசிக்கொண்டு. அனுப்பும்போது அங்கே எவரும் இல்லை. பந்து போய்ச் சேர்ந்தபோது வேம்பார்ப் பையன் இருந்தான். ஒரே ஆளை ஏய்த்தான், அடித்தான். அவ்வளவுதான். இவன் எங்கே வருவான் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

இந்த முறையும் எண்ணினோம். 25 நிமிடத்தில் 70 பாஸ். மறுபக்கத்துக்குப் போனவை 31. கணிதக்காரருக்கு முழுத் திருப்தி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிற அளவுக்கு இன்னும் வரவில்லை என்றார். வண்டியில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று நாங்கள் கவனிக்க முயன்றோம்; பாட்டும் கூச்சலுமாக எழுந்தும் இருந்தும் நின்றும் வந்ததால் கணக்கு எடுக்க இயலவில்லை. கடலைமிட்டாய் ஒரே பெரிய பொட்டலமாக வாங்கியிருந்தோம். அது பின்வரிசை போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிட்டது. அதற்காக ஒரு சண்டையும் நடந்தது.

அந்தப் பதினொருவரும் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். ஒருவன் சூரிய மின்நிலையத்தில் வேலை பார்க்கிறான். ஒருவன் அப்பாவின் படகில் போகிறான். மற்றவர்கள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். அவர்கள் கற்றது அவர்களோடு போயிற்று. ஒவ்வோர் ஆனியிலும் புதிதாக வருகிற பிள்ளைகள் முதல் நாளே கடற்கரை என்றும் காடு என்றும் தனித்தனியாகத்தான் வந்து நிற்கிறார்கள். தோல்வி பாடம் கற்பிக்கும் என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். அந்தப் பாடத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டு சேர்க்கிற பொறுப்பைத் தோல்வி ஏற்றுக்கொள்வதில்லை.

கல்லூரியில் எஞ்சியிருப்பது செவ்வாய், வியாழன் கடைசி மணி. ஆண்டுதோறும் அட்டவணை போடுகிறபோது, அந்த மணியை ஆய்வகத்துக்கோ தேர்வுப் பயிற்சிக்கோ தரலாமே என்று யாராவது ஒருவர் நியாயமாகவே கேட்கிறார். நாங்கள் வாதம் செய்வதில்லை. பழைய வருகைக் குறிப்பேட்டை எடுத்துப் பின்தாளைத் திருப்பிக் காட்டுகிறோம். 62, 9. கேட்டவர் தாளைப் பார்க்கிறார். இது என்ன கணக்கு என்கிறார். விளக்கிச் சொல்லி முடிக்கும்போது நான்கு பத்து ஆகியிருக்கும். வேம்பார்ப் பையன்கள் பேருந்துக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள்.